போர்ஷே 996: இணையம் தந்த பயங்களைச் சோதித்துக் கழித்த விதம்

இங்கிலாந்தில் பழைய போர்ஷே 911 தேடத் தொடங்கினால் முதல் வாரமே மூன்றெழுத்தில் முட்டிக்கொள்வோம்: ஐஎம்எஸ். அடுத்த வாரம் சிலிண்டர் கீறல். அதற்கடுத்த வாரம் ஆசையே விட்டுப்போகும். 1997 கடைசியிலிருந்து 2005 வரை தயாரான 996 மற்ற 911-களைவிட மலிவாகக் கிடைப்பதற்கு இந்தப் பயம் ஒரு காரணம், பொரித்த முட்டை போன்ற அதன் முகப்பு விளக்கு இன்னொரு காரணம். விளக்கு பழகிவிடும். பயத்தை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது: எதைக் காரின் பக்கத்தில் நின்றே சோதிக்கலாம், எதைப் பணம் கொடுத்துச் சோதிக்கலாம், எதைச் சோதிக்கவே முடியாது.

சோதிக்க முடியாததிலிருந்தே தொடங்குகிறேன். ஐஎம்எஸ் என்பது என்ஜினின் நடுவே ஓடும் ஒரு தண்டு. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்கிலிருந்து சங்கிலி வழியாகச் சுழற்சியை வாங்கி, வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட்டுகளுக்குக் கொடுக்கிறது. கியர்பாக்ஸ் பக்க முனையில் அதைத் தாங்குவது சீல் போட்ட ஒரு பால் பேரிங். நாளாக ஆக சீல் வழியே ஆயில் உள்ளே கசிந்து கிரீஸைக் கழுவிவிடும். ஆனால் புது ஆயில் தாராளமாகப் போய்வர வழியில்லை. பேரிங் உடைந்தால் டைமிங் தப்பும், வால்வில் பிஸ்டன் மோதும், என்ஜின் போய்விடும். ஆரம்பகாலக் கார்களில் இரட்டை வரிசை பேரிங், பிறகு ஏறக்குறைய 2005 வரை ஒற்றை வரிசை. அமெரிக்காவில் நடந்த கூட்டு வழக்கில் வெளிவந்த கணக்குப்படி, ஒற்றை வரிசையில் பழுதானவை நூற்றுக்கு எட்டு, இரட்டை வரிசையில் ஒன்றுக்கும் குறைவு. எட்டு சின்ன எண் அல்ல. ஆனால் இணையத்தில் படிக்கும்போது எண்பது போலத் தெரிகிறது. என்ஜின் போனவர் பத்துப் பக்கம் எழுதுவார், போகாதவர் எழுத என்ன இருக்கிறது? மாற்று பேரிங் விற்பவர்களும் எழுதுகிறார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

996-இலேயே டர்போ, ஜிடி3 ரகங்கள் இரண்டிலும் வேறு என்ஜின், இந்த பேரிங் கிடையாது. அவற்றுக்கு வேறு தலைவலி: பசை போட்டு ஒட்டிய கூலன்ட் குழாய் இணைப்பு விட்டுப்போகும்.

நல்ல பேரிங்கா என்று வெளியிலிருந்து சொல்ல யாராலும் முடியாது. இருப்பது ஒரே ஒரு மறைமுகத் தடயம், ஆயில் ஃபில்டர். விற்பவர் சம்மதித்தால் ஃபில்டர் தாளை வெட்டி, மடிப்புகளை விரித்து, காந்தத்தை ஓட்டிப் பார்க்கலாம். காந்தத்தில் ஒட்டும் பளபளத் துகள் இரும்பு. அது இருந்தால் பேசாமல் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். ஒட்டாத வெள்ளித் துகள் அலுமினியம், அதற்கும் காரணம் தெரியாமல் கை நீட்டக் கூடாது. பழுப்பு, கறுப்பு பிளாஸ்டிக் துணுக்கு என்றால் சங்கிலி வழிகாட்டிகள் தேய்கின்றன, அது வயதின் வேலை. ஃபில்டர் சுத்தமாக இருந்தால் 'இன்றைக்கு உடையவில்லை' என்று மட்டும்தான் அர்த்தம்.

ஆகவே இதை விலையில் தீர்க்க வேண்டும். பேரிங்கை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும். கிளட்ச் மாற்றும்போதும் அதே வேலை. எனவே கிளட்ச், பேரிங், கிராங்க் பின்பக்க சீல் மூன்றும் ஒரே கூலியில் முடியும். முன்பே மாற்றியிருந்தால் பில்லைக் கேளுங்கள். எந்த வகை பேரிங், எத்தனை மைலில் என்று அதில் எழுதியிருக்க வேண்டும், 'மாற்றியாச்சு' என்ற வாய்ச்சொல் போதாது. மாற்றவில்லையா, இரண்டாயிரம் பவுண்டைத் தாண்டும் அந்த வேலையை வாங்கும் விலையோடு கூட்டிப் பாருங்கள். கூட்டின பிறகும் கட்டுபடியானால் பயத்துக்கு அங்கே இடமில்லை. ஒரு எச்சரிக்கை: கடைசிக் காலத்து என்ஜின்களில் பெரிய அளவு பேரிங் இருக்கும், அதை என்ஜினைப் பிளக்காமல் எடுக்க முடியாது. வெளிப்பக்க சீலை மட்டும் கழற்றிவிட்டு ஆயில் படும்படி செய்வார்கள். உடையும் வாய்ப்பும் அதில் குறைவு.

சிலிண்டர் கீறல், அதாவது பிஸ்டன் உரசி சிலிண்டர் சுவரில் விழும் கீறல், நேர் எதிர். பேரிங்கைவிட இதுதான் எனக்குப் பெரிய பயம், ஆனால் இதைக் கண்ணால் பார்க்க முடியும். 3.6 லிட்டர் என்ஜினில் அதிகம் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் வலப்பக்கத்து 4, 5, 6 சிலிண்டர்களில்தான் வரும். 996-இல் இரண்டு பக்கத்துப் புகையும் தனித்தனிக் குழாயில் வெளியேறுவதால் இலவசச் சோதனை ஒன்று உண்டு: இரண்டு குழாய் நுனியையும் விரலால் துடைத்துப் பாருங்கள். வலது மட்டும் கரியும் எண்ணெய்ப் பிசுக்குமாக இருந்தால் சந்தேகப்படலாம். (பார்க்கப் போகும் முன் யாரோ இரண்டையும் பாலிஷ் போட்டு வைத்திருந்தால் அதுவும் ஒரு தகவல்தான்.) என்ஜின் சூடான பிறகும் நிற்காமல் டக் டக் என்ற சத்தம் இரண்டாவது அடையாளம். குளிரில் கொஞ்ச நேரம் கேட்டு அடங்குவது பெரும்பாலும் வால்வைத் தள்ளும் டாப்பெட்.

உறுதி செய்ய, என்ஜினுக்குள் நுழைத்துப் பார்க்கும் மெல்லிய போர்ஸ்கோப் கேமரா வேண்டும். ஸ்பார்க் பிளக் துளை வழியாக மட்டும் பார்த்துவிட்டு 'நன்றாக இருக்கிறது' என்று சொல்லும் கராஜை நம்ப வேண்டாம். கீறல் சுவரின் கீழ்ப் பகுதியில் தொடங்குவதால் மேலிருந்து தப்பிவிடும். ஆயில் தொட்டியின் அடித்தட்டைக் கழற்றி, கீழிருந்து பார்க்கச் சொல்ல வேண்டும். சில நூறு பவுண்டு ஆகும். என்ஜின் மறுகட்டுமானம் ஐந்திலக்கம் என்பதால் கணக்கு எளிது. விற்பவர் இதற்கு மறுத்தால் கோபப்படத் தேவையில்லை, அந்தக் காரை விட்டுவிட்டால் போதும்.

அதே கராஜில் கணினியைச் செருகி மூன்று எண்களை எழுதி வாங்குங்கள். முதலாவது கேம்ஷாஃப்ட் விலகல்: ஆறு பாகைக்குள் இருக்க வேண்டும். இரண்டாவது மொத்த ஓட்ட மணி நேரம். மைலை அதால் வகுத்தால் சராசரி வேகம் கிடைக்கும். 60,000 மைலுக்கு 2,000 மணி என்றால் மணிக்கு 30 மைல், இயல்பானது. பதினைந்துக்கும் கீழே போனால் ஊருக்குள்ளேயே நகர்ந்த கார், அல்லது மீட்டரில் கைவைத்த கார். மூன்றாவது, அளவுக்கு மீறி என்ஜின் சுற்றிய பதிவு; எவ்வளவு மீறியது என்பதைப் பொறுத்து வரம்பு வரம்பாகப் பிரித்திருக்கும். இங்கேதான் இணையம் வீணாகப் பயமுறுத்துகிறது. முதல் வரம்பில் 1,000 பற்றவைப்பு என்று பார்த்ததும் நெஞ்சு படபடக்கும். ஆறு சிலிண்டர் என்ஜினில் ஒரு சுற்றுக்கு மூன்று பற்றவைப்பு, நிமிடத்துக்கு 7,200 சுற்றில் நொடிக்கு 360. ஆக ஆயிரம் என்பது மூன்று நொடிகூட இல்லை. இரண்டாவது வரம்புதான் முக்கியம், மேல் கியருக்குப் பதில் கீழ் கியரைத் தவறிப் போட்டால் மட்டுமே அது பதிவாகும். அதுவும் எந்த மணியில் நடந்தது என்று பாருங்கள். நடந்து 500 மணி நேரம் ஓடியும் என்ஜின் ஒழுங்காக இருந்தால் அது பழங்கதை.

மற்றவை எல்லாம் சில்லறை. குளிர்ந்த என்ஜினை நாமே ஸ்டார்ட் செய்ய வேண்டும், போனதும் என்ஜின் இருக்கும் பின்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். ஸ்டார்ட்டில் ஒரு குபுக் புகை வருவது, சிலிண்டர்கள் கிடையாகப் படுத்திருக்கும் என்ஜினின் சுபாவம். நிற்காமல் வெள்ளைப் புகை வந்து, ஆயில் மூடியையும் திறக்க முடியாதபடி உறிஞ்சல் பிடித்தால், என்ஜின் ஆவியிலிருந்து ஆயிலைப் பிரிக்கும் ஆயில் பிரிப்பான் கிழிந்திருக்கிறது. முன் பம்பர் துளைகளில் டார்ச் அடித்தால் ரேடியேட்டர் முன்னே மக்கிய இலைகள் தெரியும். மழையில் மட்டும் என்ஜின் திணறுகிறது என்றால் விரிசல் விட்ட இக்னிஷன் காயில். கியர்பாக்ஸ் இணைப்பில் லேசான ஆயில் ஈரம் இருந்தால் சொட்டுகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே பாதி வேலை முடிந்துவிடும். நம்பர் பிளேட்டை வைத்து எம்ஓடி எனும் வருடாந்தரத் தகுதிச் சோதனையின் வரலாற்றை அரசுத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஆண்டுவாரியாக மைலும், ஆய்வாளர் எழுதிய எச்சரிக்கைகளும் இருக்கும். பிரேக் குழாய் துரு என்று மூன்று வருடம் தொடர்ந்து எழுதியும் யாரும் சரிசெய்யவில்லை என்றால் உரிமையாளரின் குணம் தெரிந்துவிடும். டயர் பக்கவாட்டின் நான்கிலக்கமும் அதே கதை சொல்லும்: 2318 என்றால் 2018-இன் 23-ஆவது வாரம். நான்கு சக்கரத்தில் மூன்று கம்பெனி டயர் போட்டவர் ஆயிலை நேரத்துக்கு மாற்றியிருப்பார் என்று நம்புவது கஷ்டம்.

வாங்கிய பின் முதல் ஆயில் மாற்றத்தைக் கையேடு சொல்லும் இடைவெளி வரை இழுக்காதீர்கள். எட்டு லிட்டருக்கும் மேல் பிடிக்கும், காந்த டிரெயின் போல்ட் ஒன்றையும் சேர்த்து வாங்கிப் போடுங்கள். பழைய ஃபில்டரை வெட்டி, தாளை விரித்துப் படமெடுத்து, மைலோடு குறித்து வைத்தால் அடுத்த மாற்றத்தில் ஒப்பிட அதுதான் கையில் இருக்கும்.