ஆறு சொட்டு

ஜூலை மாதம் முழுக்க எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. எழுந்ததும் பல் தேய்க்காமல்கூட நேராகக் கார் ஷெட்டுக்குப் போய் வண்டிக்கு அடியில் தலையை விடுவேன். அங்கே மாம்பழப் பெட்டியைப் பிரித்து விரித்த அட்டை ஒன்று கிடக்கும். இரவு விழுந்த ஆயில் சொட்டுகளை எண்ணி, ஒவ்வொன்றையும் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு, பக்கத்தில் தேதி எழுதுவேன். ஆறு. ஆறு. ஐந்து. மறுபடியும் ஆறு. "இந்த அக்கறை வீட்டுக் கணக்கு நோட்டுல இருந்தா இந்நேரம் மாடி கட்டியிருக்கலாம்" என்று என் மனைவி சொன்னதில் தப்பொன்றும் இல்லை.

வண்டி சான் ஸ்டார்ம். இந்தப் பெயரைக் கேள்விப்படாதவர்கள்தான் அதிகம் என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கோவாவில் தயாரான, இரண்டே பேர் உட்காரக்கூடிய, மேலே துணிக்கூரை போட்ட குட்டி ஸ்போர்ட்ஸ் கார். உடம்பு இரும்புத் தகடு இல்லை, ஃபைபர் கிளாஸ். என்ஜின் ரெனால்ட் கம்பெனியுடையது, 1149 சிசி, 60 குதிரைத் திறன். ஐரோப்பாவில் கிளியோ, ட்விங்கோ என்று சின்னக் கார்களில் ஓடிய அதே என்ஜின்தான். அறுபது குதிரையை வைத்துக்கொண்டு ஸ்போர்ட்ஸ் கார் என்கிறாயா என்று கேட்பவர்கள், ஒருமுறை கூரையைத் திறந்துபோட்டுப் பெங்களூர் ஹைவேயில் லாரிகளுக்கு நடுவில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். லாரியின் வீல் நட்டு நம் கண்ணுக்கு நேராகச் சுற்றும். வேகம் என்பது ஸ்பீடாமீட்டரில் மட்டும் இல்லை என்று அப்போது புரியும்.

2017-ல் பெங்களூரில் ஒரு வீட்டு வாசலில் தார்ப்பாய் மூடிக் கிடந்ததை வாங்கி, டெம்போவில் ஏற்றிக் கிருஷ்ணகிரிக்குக் கொண்டுவந்தேன். எனக்கு வேலை ஒரு மாங்கூழ் ஆலையில், மெயின்டனன்ஸ் ஃபிட்டர். பெங்களூரா ரக மாங்காய் லாரி லாரியாக வந்து இறங்கும் சீசனில் எனக்கு ஞாயிறு, திங்கள் எதுவும் கிடையாது. ஆடி வந்து லோடு குறைந்த பிறகுதான் வண்டியைத் தொட முடியும். எங்கள் தெருப் பிள்ளைகள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'சொப்புக் கார்'. சொப்புச் சாமான் அளவுக்குத்தான் இருக்கிறது என்பதால் அந்தப் பெயர். சிவப்பு நிறம் வேறு.

சரி, ஆறு சொட்டுக்கு வருகிறேன். ஒரு மில்லிக்கு ஏறக்குறைய இருபது சொட்டு. அப்படிப் பார்த்தால் இராத்திரிக்கு ஆறு என்பது மாதத்துக்கு ஒன்பது மில்லி. ஒரு லிட்டர் குறைய ஒன்பது வருடம் ஆகும். ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கில் தெரியவே தெரியாது. விட்டுவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் இது நின்ற வண்டி சொட்டுகிற கணக்கு. ஓடும்போது என்ன போகிறது என்று அட்டை சொல்லாது. சிக்னலில் நின்றால் கருகின வாசனை வர ஆரம்பித்திருந்தது, அதாவது ஆயில் எங்கேயோ எக்ஸாஸ்ட் மேல் விழுகிறது. அதைவிடப் பெரிய பயம், இந்த என்ஜினில் டைமிங்குக்கு, அதாவது வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைப்பதற்கு, செயின் இல்லை, ரப்பர் பெல்ட். ஆயில் வழிந்து பெல்ட்டைத் தொட்டால் பெல்ட் ஊறிக் கெட்டுப்போகும். அது அறுந்தால் பேச்சு ஆறு சொட்டோடு நிற்காது.

முதலில் செய்ததெல்லாம் முட்டாள்தனம். சொட்டு விழுந்த இடம், பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் பிளக்குக்கு நேர் கீழே. ஆகவே பிளக்கைக் கழற்றி, செம்பு வாஷரை மாற்றி, புது ஆயிலும் ஊற்றி, வெற்றி வீரனாகத் தூங்கப் போனேன். காலையில் அட்டையில் ஆறு. ஆலையில் புதிதாக வரும் பையன்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடமே, தண்ணீர் சொட்டுகிற இடத்தைப் பார்க்காதே, ஈரம் ஆரம்பிக்கிற இடத்தைப் பார் என்பதுதான். ஊருக்கு உபதேசம் செய்கிறவனுக்குத் தன் வீட்டு வண்டி கண்ணுக்குத் தெரியவில்லை.

இரண்டாம் தடவை ஒழுங்காகச் செய்தேன். என்ஜின் ஆறின பிறகு மண்ணெண்ணெயும் பிரஷும் வைத்து எண்ணெய்ப் பிசுக்கு மொத்தத்தையும் கழுவி, பனியன் வேஸ்ட்டால் ஒத்தி எடுத்து, அரை நாள் காய விட்டேன். பெயின்ட்டில் படாமல் ஃபெண்டர் மேல் பழைய போர்வையைப் போட்டுக்கொண்டது நல்லதாகப் போயிற்று. அப்புறம் என் மகளுடைய முகப் பவுடர் டப்பாவை எடுத்து, சந்தேகப்பட்ட இடங்களில் எல்லாம் தூவினேன். அவள் ஒன்பதாம் வகுப்பு. பவுடர் போனதற்குப் பதிலாகத் தானும் கூட நின்று பார்ப்பேன் என்று பேரம் பேசினாள். வண்டியை ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டு டார்ச் அடித்துக்கொண்டு நின்றோம். பத்து நிமிடம் ஒன்றும் இல்லை. கால் மணி நேரம் போல ஆனதும் அவள்தான் சொன்னாள், "அப்பா, அங்க பாருங்க, பவுடர் அழுவுது."

என்ஜினின் தலையை மூடும் டேப்பட் கவரின் பின் மூலை. வெள்ளைப் பவுடரில் காப்பி நிறத்தில் ஒரு கோடு இறங்கிக்கொண்டிருந்தது. மேலே கசிந்த ஆயில் என்ஜினின் முதுகு வழியாக வழிந்து, அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைச் சுற்றி வந்து, கடைசியில் டிரெயின் பிளக்கின் மூக்கில் தொங்கிச் சொட்டியிருக்கிறது. பாவம், பிளக் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

கவர் ஓரத்தில் எட்டிப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் பேஸ்ட் பிதுங்கி நின்றது. எனக்கு முந்தைய யாரோ, கவருக்கு அடியில் கசியாமல் அடைக்கும் பழைய ரப்பர் பேக்கிங்கை மாற்றாமல், அதன் மேலேயே சிலிக்கான் பேஸ்டை அப்பி மூடியிருக்கிறார்கள். பேஸ்டைக் குறை சொல்லவில்லை, போட வேண்டிய இடத்தில் போட்டால் அது நல்ல சரக்கு. ஆனால் உள்பக்கம் பிதுங்கினது பிய்ந்து ஆயிலில் விழுந்தால், சம்ப்புக்குள் இருக்கும் சல்லடையில் போய் அடைக்கும். அப்புறம் பம்ப்புக்கு ஆயில் ஏறாது. சொட்டை நிறுத்தப் போய் என்ஜினையே நிறுத்திவிடும் வைத்தியம் அது.

பேக்கிங் எங்கே கிடைக்கும்? கிருஷ்ணகிரியில் கேட்டால் சிரிப்பார்கள். பெங்களூர் ஜே.சி. ரோட்டில் இரண்டு கடை ஏறி இறங்கினேன், கிடைக்கவில்லை. என்னோடு ஐடிஐ படித்த நண்பர் ஒருவர் பாண்டிச்சேரிக்காரர், அவருடைய தம்பி பிரான்சில் இருக்கிறார். அந்த ஊரில் ட்விங்கோ என்பது நம் ஊர் மாருதி 800 மாதிரி. என்ஜின் நம்பரை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மூன்று வாரத்தில், சாதாரணக் கடித உறைக்குள் மடித்து வைத்து ஒரு கறுப்பு ரப்பர் வளையம் வந்து சேர்ந்தது. பாரிஸிலிருந்து வந்த பார்சல் என்று தெருவே எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. உறையைப் பிரித்ததும் எல்லோருக்கும் ஏமாற்றம்.

அந்த மூன்று வாரக் காத்திருப்பில்தான் விஷயம் வேறு மாதிரி திரும்பியது. பழையபேட்டையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார், பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். டீக்கடையில் அவரிடம் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "பேக்கிங் மாத்துங்க சார், வேணாம்னு சொல்லல. பிரீதரைப் பாத்தீங்களா?" என்றார்.

பார்க்கவில்லை, பாய்.

"அது அடைச்சிருந்தா நீங்க பாரிஸ்ல இருந்து இல்ல, சொர்க்கத்துல இருந்து பேக்கிங் கொண்டாந்தாலும் ஆறு மாசம்தான்."

எனக்குச் சுருக்கென்றது. ஆலையில் மூடின டேங்க்கின் மேல் இருக்கும் வென்ட் அடைத்துக்கொண்டு, கூழ் ஏற ஏறக் காற்றுப் போக வழியில்லாமல், கீழே குழாய் இணையும் யூனியனில் பேக்கிங் பிதுங்கி வெளியே வந்ததை நானே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். என்ஜினும் அப்படித்தான். சிலிண்டரில் எரிகிற வாயு கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி எப்போதும் கீழே இறங்கும். அது பிரீதர் குழாய் வழியாக இன்டேக் பக்கம் போய் மறுபடி எரிய வேண்டும். குழாய் அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் எந்த மூலை பலவீனமோ அந்த மூலை வழியாக ஆயிலைத் தள்ளும்.

சோதனைக்குப் பாய் சொன்ன வழிக்குக் காசே வேண்டாம். வண்டி ஐடிலில் இருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்த வாயில் ஒரு மெல்லிய பாலிதீன் கவரை வைத்துப் பிடிக்க வேண்டும். லேசாக உள்ளே இழுத்தால் நல்லது. தோசை மாவு வந்த கவர் ஒன்று சமையலறையில் அகப்பட்டது. 2019 ஜனவரியிலிருந்து தடை, ஆனாலும் எங்கள் வீட்டுக்கு அது எப்படியோ வழி கண்டுபிடித்து வந்துவிடுகிறது. வைத்துப் பிடித்தேன். கவர் பூரி மாதிரி உப்பியது.

குழாயைக் கழற்றினால் உள்ளே பால்கோவா. நிறத்திலும் பதத்திலும் அதேதான். மூடியின் அடியிலும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. ஒரு நிமிடம் வயிறு கலங்கியது, ஏனென்றால் சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் பேக்கிங் போய்க் கூலன்ட் ஆயிலில் கலந்தாலும் இப்படித்தான் இருக்கும். கூலன்ட் அளவைப் பார்த்தேன், சீசனுக்கு முன் போட்ட கோட்டில்தான் இருந்தது. டிப் ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருந்தது. அப்படியானால் இது வேறு தண்ணீர். என்ஜின் எரியும்போது உண்டாகும் நீராவி, என்ஜின் நன்றாகச் சூடேறாவிட்டால் உள்ளேயே குளிர்ந்து ஆயிலோடு கலந்து இப்படி ஆகும். நீண்ட தூரம் ஓட்டினால் அந்த ஈரம் காய்ந்து வெளியே போய்விடும்.

நான் நீண்ட தூரம் ஓட்டினேனா? இல்லை. வெயிலில் கூரைத்துணி வெளுக்கும், ஹைவேயில் கல் தெறிக்கும், மழையில் நனையும் என்று ஒவ்வொரு காரணமாகச் சொல்லி, ஞாயிறு காலை கே.ஆர்.பி. அணை வரைக்கும் மட்டும் போய் வருவேன். ஏழெட்டு கிலோமீட்டர். வண்டி சூடேறும் முன்னால் அணை வந்துவிடும். அங்கே மீன் வறுவல் கடைக்காரர் பார்க்கும்படி நிறுத்திவிட்டு, ஆறவிட்டு, திரும்பி வருவேன். பிள்ளையை மண்ணில் இறக்காமல் இடுப்பிலேயே வைத்து வளர்த்த மாதிரி ஆகிவிட்டது. பழைய பேஸ்ட் வைத்தியரைத் திட்டியதில் பாதியை என் கணக்கில் எழுத வேண்டும்.

மாற்றின வேலை ஒரு ஞாயிற்றுக்கிழமை. காந்தத் தட்டில் போல்டுகளைப் போட்டு வழக்கம்போல ஃபெண்டரில் ஒட்டினேன். தட்டு நேராகத் தரையில் விழுந்தது. ஃபைபர் கிளாஸில் காந்தம் எங்கே ஒட்டும்? எட்டு வருடமாக வைத்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் இதைச் செய்கிறேன். ஒரு வாஷர் மட்டும் கீழே வராமல் இடுக்கில் மாட்டிக்கொண்டது, மகளின் கைதான் அங்கே நுழைந்தது.

பழைய பேக்கிங் ரப்பராகவே இல்லை. வளைத்தால் அப்பளம் மாதிரி ஒடிந்தது. அலுமினியம் ஹெட்டில் ஒட்டியிருந்த பேஸ்டைச் சுரண்ட இரும்புக் கத்தியை எடுக்கக் கூடாது, ஒரு கீறல் விழுந்தாலும் புதுப் பேக்கிங் அந்த இடத்தில் கசியும். காலாவதியான ஏடிஎம் கார்டால் சுரண்டினேன். ஒரு துணுக்கும் உள்ளே விழாதபடி திறந்த இடங்களில் பனியன் துணியை அடைத்து வைத்தேன். இந்தச் சுரண்டல் மட்டும் இரண்டரை மணி நேரம். மற்றதெல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம்கூட இருக்காது. குழாயைப் பெட்ரோலில் அலசிக் காயவைத்து மாட்டினேன்.

முடுக்குவதில் என் கை மேல் எனக்கே நம்பிக்கை கிடையாது. ஆலையில் பெரிய ஃபிளாஞ்ச் போல்டுகளை முடுக்கிப் பழகின கை, ஆறு மில்லிமீட்டர் போல்டை அறுத்துவிடும். இறுக்கத்தை அளந்து முடுக்கும் எங்கள் ஆலை டார்க் ரெஞ்ச் இவ்வளவு சின்ன அளவுக்கு இறங்காது. ஓசூரில் வேலை பார்க்கும் மச்சானிடம் சின்ன ரெஞ்ச் கடன் வாங்கி, 10 நியூட்டன் மீட்டரில் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு, குறுக்கும் நெடுக்குமாக, இரண்டு சுற்றில் முடுக்கினேன். போதவே போதாது என்று கை கெஞ்சியது. கேட்கவில்லை.

மறுபடி தோசை மாவுக் கவர். இந்தத் தடவை மெதுவாக உள்ளே போய்ப் பள்ளமானது. பாய்க்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன், பதிலுக்கு ஒரு டீ கிளாஸ் படம் வந்தது.

இப்போது ஞாயிறு தூரம் கூடிவிட்டது. காவேரிப்பட்டணம், தர்மபுரி தாண்டி அதியமான்கோட்டை வரைக்கும், போக மட்டுமே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். "அணைக்கெல்லாம் நான் வரல, காலபைரவர் கோயிலுக்குன்னா வர்றேன்" என்று மனைவியும் அந்த ஒற்றை சீட்டில் ஏறிக்கொண்டாள், பூசணிக்காயும் விளக்குக்கு எண்ணெயும் மடியில் வைத்துக்கொண்டு. மகள் பஸ்ஸில் வருகிறேன் என்று கோபித்துக்கொண்டாள். கூரையைத் திறந்துதான் போனோம். கல் ஒன்றும் தெறிக்கவில்லை.

நான்கு வாரம் அட்டை சுத்தம். ஐந்தாம் திங்கள் காலை குனிந்து பார்த்தால் பளபளவென்று ஒரு சொட்டு. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம்தான் கவனித்தேன், அது என்ஜினுக்கு அடியில் இல்லை, இடது பக்கக் கதவுக்குக் கீழே, அட்டையின் ஓரத்தில். தொட்டு மோந்து பார்த்தேன்.

நல்லெண்ணெய். பாட்டில் மூடியைச் சரியாக மூடவில்லை போல.