தார்ப்பாய்க்கு எந்த முடிச்சு? ஏற்காட்டில் கட்டிப் பார்த்தது

முடிச்சுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் எது வலுவானது என்றுதான் அதிகம் பேசுகிறார்கள். முகாமில் அது எனக்குப் பெரிய கவலை இல்லை. சாதாரண பாராகார்டே (பாராசூட்டுக்கு வந்த மெல்லிய நைலான் கயிறு) 250 கிலோ வரை தாங்கும். காலையில் கயிறு நனைந்து, விரல்கள் விறைத்திருக்கும்போது அந்த முடிச்சு அவிழுமா? இதை வைத்துத்தான் போன மழைக்காலத்திலிருந்து ஒவ்வொரு முடிச்சாகக் கழித்துக்கொண்டு வருகிறேன்.

ஆரம்பம் மொட்டை மாடியில். தண்ணீர்த் தொட்டிக் குழாய் ஒரு மரம், கொடிக் கம்பி இன்னொரு மரம். முதலில் கழிந்தது முடிச்சு இல்லை, கயிறு. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் நீல பிளாஸ்டிக் கயிறு விறைப்பானது, வழுக்கும். எந்த முடிச்சும் அதில் மனம் வைத்து உட்காராது. நைலான் கைக்கு இதமாக இருக்கும், ஆனால் நனைந்தால் நீளும். மாலையில் விண்ணென்று இழுத்துக் கட்டிய தார்ப்பாய் நள்ளிரவில் தொங்குவது பெரும்பாலும் இதனால்தான். பாலியெஸ்டர் அவ்வளவாக நீளாது, விலையும் அதிகமில்லை. இப்போது எல்லாவற்றுக்கும் 4 மி.மீ. பாலியெஸ்டர்தான்.

அப்புறம் ஏற்காடு, தெரிந்தவர் ஒருவரின் காப்பித் தோட்டம். நிழலுக்கு வளர்த்த சில்வர் ஓக் மரங்கள் நேராக, வரிசையாக நிற்கின்றன. ரிட்ஜ்லைன், அதாவது தார்ப்பாயைத் தாங்க இரண்டு மரத்துக்கு நடுவே போடும் கயிறு, கட்ட இதைவிட வசதி கிடையாது என்று நினைத்துப் போனால், பாதி மரத்தில் மிளகுக்கொடி. கொடி மேல் கயிறு போட்டால் தோட்டக்காரர் சும்மா விடுவாரா? கேட்டு, வெறும் மரமாகப் பார்த்துதான் கட்டினேன்.

முதல் மரத்தில் போலின் முடிச்சு, இழுத்தாலும் சுருங்காத வளையம் போடுவது. எவ்வளவு இறுகினாலும் அதன் முதுகை மடக்கித் தள்ளினால் விட்டுக்கொடுத்துவிடும். சைபீரியன் ஹிட்ச்சையும் (ஹிட்ச் என்றால் கயிற்றை மரம், கம்பம் மாதிரி ஒன்றில் கட்டும் முடிச்சு) போட்டுப் பார்த்தேன். அது இன்னும் வேகம், கையுறையோடு கட்டலாம், நுனியை இழுத்தால் முழுதாகக் கழன்றுவிடும். ஒரே ராத்திரி தங்கல் என்றால் சைபீரியன், காற்று அடிக்கும் இடமென்றால் போலின். என் கணக்கு இப்படி.

இரண்டாவது மரத்தில் டிரக்கர்ஸ் ஹிட்ச். நம் ஊர் லாரிகளில் பாரம் ஏற்றிக் கட்டுபவர்கள் கயிற்றில் ஒரு வளையம் போட்டு, அதற்குள் நுனியை விட்டு இழுப்பார்களே, அதே வேலைதான். கணக்குப்படி மூன்று மடங்கு இழுவிசை கிடைக்க வேண்டும். கயிறு கயிற்றோடு உரசுவதில் அதில் பாதியாவது போய்விடும். இருந்தாலும் ஒரு ஆள் தனியாக இழுத்துக் கட்ட இது போதும். வளையத்தைச் சாதாரண முடிச்சாகப் போட்டால் இறுகிப்போய், பல்லால் கடிக்க வேண்டியிருக்கும். உருவாஞ்சுருக்காகப் போட்டால் கடைசியில் இழுத்ததும் காணாமல் போய்விடும். ஆனால் சுருக்கை நுனிப் பக்கக் கயிற்றிலிருந்து எடுக்க வேண்டும். மறுபக்கத்திலிருந்து எடுத்தால் பாரம் ஏறியதும் வளையம் சுருங்கிவிடும். கடைசிப் பூட்டிலும் நுனியை மடித்துச் செருகினால், உருவி விடலாம்.

வீணைத் தந்தி மாதிரி முறுக்கவும் தேவையில்லை. கயிறு எவ்வளவு படுக்கையாக இருக்கிறதோ, மரத்தின் மேல் இழுவை அவ்வளவு கூடும். தார்ப்பாயில் 10 கிலோ மழைநீர் தேங்கி நடுவில் அழுத்துகிறது என்று வையுங்கள். கயிறு 5 டிகிரி மட்டும் சரிந்திருந்தால் ஒவ்வொரு பக்கமும் சுமார் 57 கிலோ இழுவை, 15 டிகிரி சரிந்திருந்தால் 19 கிலோதான். கொஞ்சம் தொய்வு விடுவது கயிற்றுக்கும் நல்லது, மரப்பட்டைக்கும் நல்லது.

தார்ப்பாயை ரிட்ஜ்லைனில் மாட்டுவதற்கு ப்ரூசிக் வளையங்கள். ஆஸ்திரிய மலையேறி கார்ல் ப்ரூசிக் 1931இல் அறிமுகப்படுத்தியது. தளர்வாக இருக்கும்போது நகர்த்தலாம், இழுவை வந்ததும் பிடித்துக்கொள்ளும். வளையக் கயிறு ரிட்ஜ்லைனைவிட மெல்லியதாக இருந்தால்தான் பிடிக்கும். நான் போடுவது 2 மி.மீ. இந்தப் பாகத்தை மட்டும் எந்தப் பயணத்திலும் மாற்றத் தோன்றவில்லை.

ஓரக் கயிறுகளுக்கு டாட்லைன் ஹிட்ச். முளையைச் சுற்றி நுனியைத் திருப்பி, வளையத்துக்குள் இரண்டு சுற்று, வெளியே ஒரு சுற்று, அவ்வளவுதான். முடிச்சைத் தள்ளினால் கயிறு நீளும், குறுகும். ராத்திரி எழுந்து தொய்வைச் சரிசெய்ய முளையைப் பிடுங்க வேண்டாம். படபடவென்று காற்றடித்தால் மெல்ல நழுவும், அதற்கு உள்ளே மூன்றாவது சுற்று ஒன்று சேர்த்துக்கொள்வேன்.

மழையில் இன்னொன்றும் பிடிபட்டது. மரத்தில் வழியும் தண்ணீர் ரிட்ஜ்லைன் வழியாகவே தார்ப்பாய்க்கு அடியில் வந்து சொட்டும். தார்ப்பாய்க்குச் சற்று வெளியே ஒரு துண்டு நூலைக் கட்டித் தொங்கவிட்டால் தண்ணீர் அங்கேயே இறங்கிவிடுகிறது.

இப்போது மாடியில் டைனீமா என்ற மிக வலுவான செயற்கை இழைக் கயிற்றின் சோதனை ஓடிக்கொண்டிருக்கிறது. எடை மிகக் குறைவு, நீள்வதும் சொற்பம், வழுக்கலோ வழுக்கல். டாட்லைன் அதில் நிற்கவில்லை, மூன்றாவது சுற்று சேர்த்தும் ஊர்கிறது. அடுத்து, இதே மாதிரி நகர்த்திச் சரிசெய்யும் ஃபேரிமண்ட் ஹிட்ச்சைச் சுற்றுகளைக் கூட்டிப் பார்க்க வேண்டும். அதிலும் நிற்காவிட்டால் ஓரத்துக்குப் பாலியெஸ்டர், ரிட்ஜ்லைனுக்கு மட்டும் டைனீமா.