தோள்பட்டையில் கிழிந்த கலன்

முதல் கலன் 690 பார் அழுத்தத்தில் கிழிந்தது; ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம். குறைந்தது 788 தாங்கியிருக்க வேண்டும். ஹைட்ரஜனுக்காகக் கார்பன் இழை சுற்றும் கலன், வேலை அழுத்தத்தின் 2.25 மடங்கு வரை தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது நாங்கள் வைத்துக்கொண்ட அளவு. எங்களுடையது 350 பார் கலன். எண்ணைவிடக் கிழிந்த இடம்தான் என்னை அதிகம் உறுத்தியது. நடு உடலில் கீறல்கூட இல்லை. உடல் முனையை நோக்கிக் குறுகும் தோள்பட்டையில், வளைவு தொடங்கும் இடத்தில் பிய்ந்து கிடந்தது.

கோவை குறிச்சிப் பக்கம், பம்பு உதிரிபாகம் கடைந்துகொண்டிருந்த பட்டறை எங்களுடையது. 9 லிட்டர் அலுமினிய உள்கூடு, அதன்மேல் எபாக்சிப் பசையில் நனைத்த கார்பன் இழை. உயர்வலிமை எஃகை ஹைட்ரஜன் ஊடுருவி நொறுங்க வைத்துவிடும் என்பதால் அலுமினியம். இவ்வளவு பாடுபட்டும் 350 பாரில் இதற்குள் அடங்குவது 200 கிராம் சொச்சம் ஹைட்ரஜன்தான். மாமனாரிடம் சொன்னபோது, "கால் கிலோகூட இல்லைங்களா?" என்று சிரித்தார்.

உருளையின் சுற்றுவாட்டில் விழும் இழுவிசை நீளவாட்டைப் போல இரு மடங்கு. அதற்காக உடலைக் குறுக்கே சுற்றும் வளையச் சுற்றும், முனைக்கு முனை சாய்ந்து ஓடும் சாய்வுச் சுற்றும் மாற்றி மாற்றிப் போடுகிறோம். சாய்வுச் சுற்று வழுக்காமல் நிற்கக் கோணம் பிசகக்கூடாது. அதைக் கணக்கிட்டுத்தான் போட்டிருந்தோம். தவறு வேறு இடத்தில். நூல் மில்லில் இருபது வருடம் கோன் சுற்றிய பெரியவர் ஒருவர் எங்களிடம் இருக்கிறார். கிழிந்த கலனைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க தம்பி, எல்லா வளையத்தையும் ஒரே கோட்டில் நிறுத்தினால் அங்கே படி விழாதுங்களா?" என்றார். படிதான் விழுந்திருந்தது. சாய்வு இழைகள் அந்த விளிம்பில் மடிந்திருந்தன. அடுத்த கலனில் ஒவ்வொரு வளைய அடுக்கையும் கீழுள்ளதைவிடச் சில மில்லிமீட்டர் முன்பே முடித்து, சரிவாக இறக்கினோம்.

சோதனை முழுவதும் தண்ணீரில்தான். தண்ணீர் அவ்வளவாக அமுங்காது. கலன் கிழிந்தால் அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும். அதே அழுத்தத்தில் வாயு இருந்தால் வெளிப்படும் ஆற்றல் நூறு மடங்குக்கும் மேல். அப்படியும் தரைக்குள் கான்கிரீட் குழி, மேலே கனத்த இரும்புத் தகடு, சுவருக்கு அப்பால் பம்பு, பார்ப்பதற்குக் கேமரா.

இரண்டாம் சோதனையில் அழுத்தமானி முள் மந்தமாக ஏறியது. பம்பில் காற்றுப் பிடித்தால் எப்படி இருக்கும் என்பது எங்கள் ஊரில் சிறுபிள்ளைக்கும் தெரியும். உள்ளே காற்று அடைபட்டிருந்தால் தண்ணீர்ச் சோதனை பாதி வாயுச் சோதனையாகிவிடும். யாரும் குழிப்பக்கம் போகவில்லை. சுவருக்கு அப்பால், பம்புப் பக்கம் இருந்தபடியே அழுத்தத்தைப் பூச்சியத்துக்கு இறக்கினோம். பிறகுதான் கலனை எடுத்து, வாய் மேலே இருக்கும்படி நிறுத்தி, குமிழி அடங்கும்வரை மறுபடி நிரப்பினோம். அரை நாள் போனது. பிறகு முள் விறுவிறுவென ஏறி, 861 பாரில், நடு உடலில் கிழிந்தது. பெரியவர் டீ சொல்லப் போய்விட்டார்.

2016 எரிவாயு உருளை விதிகளின்படி நாக்பூரில் உள்ள வெடிபொருள் தலைமைக் கட்டுப்பாட்டாளரின் ஒப்புதல் வேண்டும். அதுவரை உள்ளே தண்ணீர் மட்டும்தான். இப்போது நான்காவது கலன் குழியில் இருக்கிறது, திரும்பத் திரும்ப நிரப்பிக் காலி செய்வதைத் தாங்குமா என்று பார்க்க, 20 பாரிலிருந்து 438 வரை ஏறி இறங்கிக்கொண்டு. எத்தனை முறை என்று எண்ணும் கருவி இன்று காலை 3,112 காட்டியது.