புதன்கிழமை, 4 மணிக்குள்

"எல்லாரும் இப்படியே உச்ச விலை போட்டா, விலையை ஏத்தி விடுறது யாரு தம்பி?"

சிங்கப்பூரில் லாரி, பஸ்களுக்கான சி பிரிவு சிஓஇ (பத்து ஆண்டுக்கு வாகனம் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) ஏலம் மூட இருபது நிமிடம் இருக்கையில், எங்கள் உச்சத்தை ஒரேயடியாகப் போடச் சொன்னபோது முதலாளி கேட்டது இது. நான் சொன்ன பதில் கணக்குப்படி சரிதான்.

நாம் போடும் தொகை உச்சவரம்பு மட்டுமே. தோற்றவர்களில் மேலே நின்றவரின் தொகையோடு 1 வெள்ளி (டாலர்) சேர்த்து, வென்றவர்கள் எல்லாரும் அதையே கட்டுகிறார்கள். போட்டதை ஏற்றலாம், இறக்க முடியாது. திங்கள் நண்பகலிலிருந்து திரையையே பார்த்துக்கொண்டு ஐந்நூறு ஐந்நூறாக ஏற்றுவதால் ஒரு காசும் மிச்சமாகாது. கடைசி நிமிடத்தில் விலை தாவினால் கை பிந்திவிடும். 70,000 போன்ற முழுத் தொகையும் வேண்டாம். விளிம்பில் ஒரே தொகையில் பலர் நின்று, இடம் போதாவிட்டால், அத்தனை பேரும் விழுவார்கள். மாத வரவில் ஓட்டுநர் சம்பளம், டீசல், காப்புறுதி, பார்க்கிங் கழித்து, 120 மாதத்துக்குப் பெருக்கி, லாரி விலையையும் எடுத்தால் மிஞ்சுவதே நம் உச்சம். அதைப் போடச் சொன்னேன். போட்டோம், கிடைத்தது.

அவர் கேட்டதோ வேறு. ஒரு பேச்சுக்கு இடம் மூன்று, தொகைகள் 72,000, 71,000, 70,000, 68,500 என்று வைப்போம். மூவரும் கட்டுவது 68,501. நான்காமவர் 70,500க்கு ஏற்றினால் 70,000 போட்டவர் விழுகிறார், வென்ற மூவரும் ஆளுக்கு 1,500 கூடுதலாகக் கட்டுகிறார்கள். அந்த நான்காமவர் நாங்களாக இருந்திருக்கலாம். விழுந்தவர் ஒற்றை லாரி வைத்துப் பிழைப்பவராகவும் இருக்கலாம். ஏலம் என்றால் அப்படித்தான், எங்களுக்கும் லாரி வேண்டும் என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறேன்.

தேறாத இடம் ஒன்று உண்டு. லாரி ஈட்டித் தருவதையே உச்சமாக எடுத்தேன். புது லாரி கிடைக்காவிட்டால் என்ன செய்வோம் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. பழைய லாரியின் சிஓஇயைக் கடந்த மூன்று மாதச் சராசரி விலையில் புதுப்பிக்கலாம், ஐந்து ஆண்டுக்கென்றால் அதில் பாதி. அந்தத் தொகையோடு பழையதன் ரிப்பேர் செலவையும் சேர்த்து, புது லாரிக்கு ஆகும் மொத்தத்துக்கு எதிரே வைத்திருந்தால் எங்கள் உச்சம் இறங்கியிருக்கும். ஒருவேளை முதலாளி அதைத்தான் கேட்டாரோ என்னவோ. நான் ஏல விதியை விளக்கினேன். அவர் தலையாட்டிவிட்டு எண்ணைத் தட்டினார். அப்போது மணி 3.52.