மாப்பிள்ளை ரூம்

ராணிப்பேட்டையில் நான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியில், போன சித்திரை வரைக்கும் மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை இருந்தது. உள்ளே ஒரே ஒரு சர்வர் (ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் பொதுவான கம்ப்யூட்டர்), ஒரு யூபிஎஸ், ஒன்றரை டன் ஏசி. நம்மூர் அக்னி நட்சத்திரத்தில் எங்களுக்கு ஃபேன்தான். அதற்கு மட்டும் இருபத்து நான்கு மணி நேரமும் ஏசி. "மாப்பிள்ளை ரூம்" என்று அக்கௌண்ட்ஸ் அக்கா பேர் வைத்துவிட்டார்.

ஒரு வாரம் மீட்டர் மாட்டிப் பார்த்தேன். நாளுக்கு சர்வர் 5 யூனிட், ஏசி 15. இத்தனைக்கும் சர்வருக்குப் பத்து சதவீத வேலைகூட இல்லை. ராத்திரி முழுக்க யாருக்காக விழித்திருந்ததோ! நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. ஆக, நாளுக்கு 14 கிலோ.

இப்போது அந்த சர்வரின் வேலை முழுக்க கிளவுடில், அதாவது இன்டர்நெட் வழியாக வாடகைக்கு எடுத்த கம்ப்யூட்டர்களில், மும்பையில். "நம்ம புகையை அங்கே அனுப்பிட்டீங்க" என்று அக்கா கிண்டல். பாதி உண்மைதான். ஆனால் அங்கே ஒரே இயந்திரத்தைப் பல கம்பெனிகள் பங்கு போட்டுக்கொள்வதால் சும்மா ஓடும் நேரம் குறைவு. உலகத்தின் சிறந்த டேட்டா சென்டர்களில் (இப்படிப் பல சர்வர்களை ஒன்றாக வைத்து ஓட்டும் இடங்கள்) கம்ப்யூட்டருக்கு 1 யூனிட் என்றால், குளிரூட்டல் முதலான மற்றதுக்கு 0.1, 0.2 யூனிட்தான். எங்கள் அறையில் அது 3!

அறையில் இப்போது தோல் சாம்பிள் அடுக்கியிருக்கிறோம். அப்புறம் அந்த ஏசி? அக்காவின் சீட்டுக்கு மேலே மாட்டியாகிவிட்டது. ஆறு மணிக்கு அவரே அணைத்துவிடுகிறார்.