முப்பது மணி நேரம்

சிட்னியின் புறநகரான டூங்காபியில் எங்கள் வீட்டுப் பின்னறைக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் பட்டுக்கோட்டைத் தம்பி, "ஊருக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்ணே?" என்று கேட்டான். முப்பது மணி நேரம் என்றேன். "போன்ல பன்னிரண்டுன்னு காட்டுதே?"

போன் பொய் சொல்லவில்லை. சிட்னியிலிருந்து திருச்சிக்கு நேர்க்கோட்டில் சுமார் 9,100 கிலோமீட்டர். சிங்கப்பூர் கிட்டத்தட்ட அந்தக் கோட்டின் மேலேயே இருக்கிறது. அங்கே இறங்கி ஏறினாலும் இருநூறு கிலோமீட்டர்கூட அதிகமாகாது. சிங்கப்பூருக்கு எட்டு மணி நேரம், அங்கிருந்து திருச்சிக்கு நாலு. சென்னையில் இறங்கி பஸ் பிடித்து அலைவதற்கு இது எவ்வளவோ தேவலை.

வந்த புதிதில் நானும் இந்தப் பன்னிரண்டை நம்பித்தான் இருந்தேன். ஜூன் மாதத்தில் ஒரு ராத்திரி 11.40-க்குச் சித்தப்பா கூப்பிட்டார். மன்னார்குடியில் அப்போது மணி 7.10. பெரியப்பா போய்விட்டார். "எப்ப வந்து சேருவே? அதை வெச்சுத்தான் எப்ப எடுக்கிறதுன்னு சொல்லணும். ஐஸ் பெட்டிக்காரன் வேற கேக்குறான்."

உடனே கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். எதில் கிளம்புவது? சிட்னி விமான நிலையம் ஊருக்கு நடுவே இருக்கிறது. ஜனங்கள் தூக்கம் கெடக்கூடாது என்று ராத்திரி 11 முதல் காலை 6 வரை தடை, 1995-இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். ஊருக்கு மேற்கே பேட்ஜரிஸ் க்ரீக்கில் கட்டியிருக்கும் புது விமான நிலையத்துக்கு அந்தத் தடை கிடையாதாம். அன்றைக்கு எனக்கு அது உதவுமா? விடிய விடிய ஹாலில் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கிடைத்தது காலை 9.20 விமானம்.

எதிரே இருந்த திரையில் குட்டி விமானம் ஊர்ந்துகொண்டே இருந்தது. நாலு மணி நேரம் கழித்தும் கீழே ஆஸ்திரேலியாதான். வீடில்லை, மரமில்லை, செம்மண் மட்டும். இந்த நாட்டைத் தாண்டவே பாதிப் பயணம் போய்விடும் என்று அதுவரை எனக்கு உறைக்கவே இல்லை. சிங்கப்பூரில் ஐந்து மணி நேரம் காத்திருப்பு. அந்தக் கம்பளத்தின் மேல் எத்தனை தடவை நடந்தேனோ. அங்கே வாங்கிய காபியைக் குடித்தேனா என்பதுகூட நினைவில்லை.

திருச்சியில் இறங்கும்போது ராத்திரி பத்தேகால். குடியேற்றச் சோதனை, பெட்டி, அப்புறம் தஞ்சாவூர் வழியாகக் காரில் இரண்டரை மணி நேரம். வல்லம் தாண்டியதும் டிரைவர் டீக்கு நிறுத்தட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

வீட்டு வாசலில் டியூப் லைட் எரிந்தது. பந்தலுக்குக் கீழே நாலைந்து பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஐஸ் பெட்டியின் மோட்டார் சத்தம் தெருமுனைவரை கேட்டது. சித்தப்பா எழுந்து வந்து என் பையை வாங்கிக்கொண்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒண்ணே முக்கால்தானா? மூணு ஆகும்னு நெனச்சேன். சீக்கிரம் வந்துட்டேப்பா."