சாவியில் பூஜ்யமே கிடையாது!

விண்டோஸ் ப்ராடக்ட் கீயை, அதாவது விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் சாவி எண்ணை அடித்தால் "செல்லாது" என்று வருகிறதா? விற்றவரைத் திட்டும் முன் எழுத்துகளை ஒருமுறை உற்றுப் பாருங்கள். ஐந்தைந்தாக மொத்தம் 25. அதில் 0, 1, 5 வரவே வராது. ஆங்கில ஓ, ஐ, எல், எஸ் எழுத்துகளும் கிடையாது. பூஜ்யம் என்று நாம் நினைப்பது பெரும்பாலும் டி, இல்லாவிட்டால் கியூ. எட்டும் பியும் அடுத்த வில்லன்கள்.

சரியாக அடித்தும் ஏறவில்லையா? பதிப்பைப் பாருங்கள். ஹோம் கீ, ப்ரோவை ஆக்டிவேட் செய்யாது. கணினியின் தேதி, நேரம் தப்பாக இருந்தாலும் மக்கர் பண்ணும்.

மதர்போர்டு மாற்றியபின் ஆக்டிவேஷன் போனால் அது வேறு கதை. டிஜிட்டல் லைசென்ஸ், அதாவது கீ அடிக்காமலே ஆக்டிவேட் ஆகும் உரிமம், வன்பொருளோடு கட்டப்பட்டது. போர்டு மாறினால் விண்டோஸுக்கு இது புதுக் கணினி. அதனால் போர்டைக் கழற்றும் முன்பே லைசென்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துவிடுங்கள். பிறகு விண்டோஸ் செட்டிங்ஸில் உள்ள ஆக்டிவேஷன் ட்ரபிள்ஷூட்டரில், வன்பொருளை மாற்றியதாகச் சொல்லி மீட்கப் பார்க்கலாம். தனியாக வாங்கிய ரீட்டெயில் லைசென்ஸ் என்றால் வேறு கணினிக்கும் கொண்டுபோகலாம். லேப்டாப்போடு வந்த ஓஇஎம் லைசென்ஸுக்குப் பொதுவாக அந்தக் கொடுப்பினை இல்லை.

"கிராக் போட்டுக்கோ, ஈஸி" என்று, லைசென்ஸ் இல்லாமலே ஆக்டிவேட் செய்யும் திருட்டு வழியோடு யாராவது வருவார்கள். ஆன்டிவைரஸை அணைத்தால்தான் ஓடுவேன் என்கிற ஃபைலை எந்த தைரியத்தில் திறப்பது?